இரவலும் ஆக்கமும்

ஈழத்துப் பொப் இசையை அந்நிய இரவலென்று ஒதுக்குவோர் உளர். இரவல் குற்றமன்று, பெற்றதை என்செய்தனர் என்பதே வினா.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் 1970இல் தோன்றிய ஃப்ரம்பி குழுவினர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ், சோல் இசைகளை வேராகக் கொண்டனர். இங்கா ரும்பின் கரகரத்த குரலிலே அவ்வேர் புலனாகும். ஆயின், 1971இல் வெளிவந்த இரண்டாம் இசைத்தட்டிலே நான்கே பாடல்கள். ஓர்கனும் மேளமும் ஒன்றையொன்று துரத்தி வளர்கின்றன.

மன்னார்க் கூத்தர் செய்ததும் இதுவே. ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’ என்னும் பெயரிலேயே, 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் சொல் உண்டு. அதனை விடியவிடிய ஆடும் தமிழ்க் கூத்தாக்கினர்.

ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யோ பைலாத் துள்ளலோடு நின்றுவிடுகிறது. இனியதே, நானும் முணுமுணுத்ததுண்டு. எனினும், அத்தாளத்தினடியில் போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்க அடிமைகளின் துயரும் உண்டு. அதனை அப்பாடல் தீண்டவில்லை.