புதினம் சொல்லும் தாய், பதில் இல்லாத மகள்

'என்ன புதினம்?' என்று கேட்டால் யாழ்ப்பாணத்தில் ஊர்ச்செய்தி சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதே சொல் நாவலைக் குறிக்கும். இந்த இரண்டு பொருளும் ஒன்றாகப் பொருந்துகிற எழுத்து ஒன்றைக் காட்டச் சொன்னால், நான் மதாம் து செவின்யே தன் மகளுக்கு எழுதிய கடிதங்களைக் காட்டுவேன். பிரான்சில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும், பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் வந்த ஒரு துண்டாக. அங்கே அவர் தாயன்பின் உருவம், அழகிய உரைநடையின் மாதிரி. இரண்டும் உண்மைதான். ஆனால் தூரத்திலிருக்கும் தாயிடமிருந்து செய்திகளைப் பெற்றே பழகிய நமக்கு, அந்தக் கடிதங்களில் வேறொன்றும் கண்ணில் படும்.

செவின்யே 1626இல் பாரிஸில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தவர். 1651இல் கணவர் இன்னொரு பெண்ணின் பொருட்டு நடந்த வாள்சண்டையில் இறக்க, 25 வயதில் இரண்டு பிள்ளைகளோடு விதவையானார். மகள் பிரான்சுவாஸ் மார்கரித்தை 1669இல் கிரின்யான் பிரபுவுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை அதற்கு முன்பே இரண்டு மனைவியரை இழந்தவர். அவருக்குத் தெற்கே புரொவான்ஸில் அரச பதவி கிடைத்தது. 1671 பெப்ரவரியில் மகளும் அங்கே புறப்பட்டுப் போனாள். அன்றிலிருந்து தாய் எழுதத் தொடங்கினார். வாரத்தில் இரண்டு, சில வாரங்களில் மூன்று. அவர் எழுதியவற்றில் இன்று கிடைப்பவை ஆயிரத்துக்கும் மேல். அவற்றின் பெரும்பகுதி இந்த ஒரு மகளுக்கு.

என்ன எழுதினார்? எல்லாம். யார் யாரோடு கதைக்கிறதில்லை, யாருக்குப் பிள்ளை பிறந்தது, அரண்மனையில் யாருக்கு இறங்குமுகம். பாரிஸில் பெண்கள் தலைமுடியைப் புதுவிதமாக வெட்டிச் சுருட்டிக்கொள்வதை முதலில் கேலி செய்கிறார். சில நாளில் அதுவே அழகாகத் தெரிகிறது. மகளும் அப்படிச் செய்துகொள்ள வேண்டும், எப்படிச் செய்வதென்று காட்ட ஒரு பொம்மைக்குத் தலை அலங்கரித்து அனுப்புகிறேன் என்கிறார். சாக்லேட் பானம் உடம்புக்கு நல்லது, குடி என்று எழுதுகிறார். இரண்டு மாதத்தில் பாரிஸில் எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள், உடனே விட்டுவிடு என்கிறார். அப்போது மகள் கர்ப்பிணி. ஊர் என்ன சொல்கிறது என்பது மகளின் உடம்பைப் பற்றிய அறிவுரையாக மாறுவதற்கு ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. பஞ்சியையும் பாராமல் அப்பம் சுட்ட கதையில் தொடங்கி 'நீ ஒழுங்காய்ச் சாப்பிடுறதில்லை' என்பதில் முடிகிற தொலைபேசி உரையாடல்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

எல்லாவற்றிலும் பேர்பெற்றது வத்தேலின் சாவைப் பற்றிய கடிதம். 1671 ஏப்ரலில் ஷான்தியி மாளிகையில் கொந்தே இளவரசர் 14ஆம் லூயி மன்னருக்கு விருந்து வைக்கிறார். ஏற்பாடுகள் வத்தேலின் பொறுப்பு. முதல் இரவு சில மேசைகளுக்கு இறைச்சி போதவில்லை. அந்த அவமானத்தில் அவருக்கு நித்திரை இல்லை. விடியற்காலையில் மீன் வரவேண்டும். இரண்டு சுமைதான் வந்திருக்கிறது என்கிறான் ஒருவன். வத்தேல் அறைக்குப் போய்க் கதவில் வாளை ஊன்றித் தன்மேல் பாய்ச்சிக்கொள்கிறார். மூன்றாவது முறையில் உயிர் போகிறது. அதே நேரம் நாலா பக்கத்திலிருந்தும் மீன் வந்து சேர்கிறது.

செவின்யே அங்கே இருக்கவில்லை. கேட்டதை எழுதினார். இரண்டு நாள் முன்பு சுருக்கமாக எழுதியதை, முழுவிவரம் கிடைத்ததும் திரும்பவும் எழுதினார். விமர்சகர்கள் இதை அந்நூற்றாண்டின் சிறந்த செய்திக்குறிப்பு என்று புகழ்வார்கள். வேகத்தைப் பாருங்கள், ஒரு சொல் மிகையாக இல்லை என்பார்கள். சரி. ஆனால் இது யாருக்கு, எப்போது எழுதப்பட்டது? மகள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. தாயின் நாட்கள் தபாலை எதிர்பார்த்தே கழிகின்றன. தபால் பிந்தினால் மனம் கலங்குகிறது. தெருவில் கடிதம் சுமந்து குதிரையில் ஓடுபவர்களுக்கு நன்றி சொல்லிக்கூட ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த மனநிலையில் இருக்கும் ஒருவர், வரவேண்டியது வரும்வரை பொறுக்க முடியாமல் செத்துப்போன மனிதனின் கதையைத் தெரிந்தெடுத்துச் சொல்கிறார். அவர் இதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதாடவில்லை. புதினம் சொல்பவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது தற்செயல் அல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு சிறு மொழிச் சிக்கல். செவின்யே மகளைப் பன்மையில்தான் விளிக்கிறார், அக்காலப் பிரபு குடும்ப வழக்கப்படி. தமிழில் இதை 'நீங்கள்' என்று போட்டால் அந்நியமாகிவிடும். 'நீ' என்றால் அந்த மரியாதைத் திரை விழுந்துவிடும். யாழ்ப்பாணத்தின் 'நீர்' ஒருவேளை பொருந்தலாம். நெருக்கமும் எட்ட நிற்றலும் ஒரே சொல்லில். இந்தத் தாய்க்கும் மகளுக்கும் இருந்த உறவும் அப்படித்தான். கடிதத்தில் உருகியவர்கள் நேரில் சேர்ந்தால் மோதிக்கொண்டார்கள். 1676 கடைசியில் மகள் பாரிஸ் வந்தாள். இருவரும் ஒருவர் உடம்பைப் பற்றி மற்றவர் கவலைப்பட்டே இருவரையும் நோயாளியாக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு யூனில், பிரிந்திருப்பதே இருவருக்கும் நல்லது என்று சுற்றத்தவர்கள் சொல்லி மகளை அனுப்பிவைத்தார்கள். தூரம் அந்த அன்புக்குத் தடையாக இருக்கவில்லை. தூரம்தான் அதற்கு வீடு.

மகள் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டாள்? இந்தக் கேள்விக்கு வரும்போதுதான் நூலின் நடுவில் உள்ள ஓட்டை தெரிகிறது. அவளும் ஓயாமல் எழுதினாள். டெக்கார்த்தின் தத்துவத்தைப் படித்தவள். தாய் அவரை 'உங்கள் தகப்பன்' என்றே கிண்டல் செய்வார். மகளின் கடிதங்களைத் தாய் திரும்பத் திரும்ப வாசித்தார், நண்பர்களுக்கும் காட்டினார். ஆனால் தாய்க்கு அவள் எழுதியவை எதுவும் இன்று இல்லை. அவளுடைய சொந்த மகள் போலின் அவற்றை அழித்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. தாயின் கடிதங்களையும் போலின் விருப்பப்படி பதிப்பாசிரியர் பெரேன் வெட்டியும் திருத்தியுமே 1734இலிருந்து வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டில் பழைய கைப்பிரதி ஒன்று டிஜோனில் அகப்பட்ட பிறகுதான் எவ்வளவு மாற்றப்பட்டிருந்தது என்று தெரிந்தது.

ஆக, தாயன்பின் பேரிலக்கியம் என்று நாம் கொண்டாடுவது பாதி உரையாடல். ஒருவர் மட்டும் பேசும்போது அவர் பேசுவது எப்போதும் நியாயமாகவே கேட்கும். மகள் குளிர்ந்த மனத்தினள், பிடிகொடுக்காதவள் என்ற பெயர் முந்நூறு ஆண்டாக அவளை விடவில்லை. சாட்சி ஒருவர்தான், அவரும் வழக்காளி. கவனித்துப் படித்தால், தாயின் வரிகளுக்குள்ளேயே மகளின் மறுப்புகள் நிழல்போல இருக்கின்றன: 'அப்படிச் சொல்லாதீர்', 'ஏன் கோபம்' என்ற தொனியில் வரும் சமாதானங்கள். அவற்றைத் தேடிப் படிப்பது அலுப்பான வேலை. ஆனால் இந்த நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் அவைதான்.

மகளின் பக்கத்தை நேரே படிக்க வேண்டுமானால் வேறு காலத்துக்கும் வேறு கடலுக்கும் போக வேண்டும். அன்ரிகுவாவில் பிறந்த ஜமைக்கா கிங்கெய்ட்டின் 'லூசி' 1990இல் வந்த சிறிய நாவல். 19 வயது லூசி கரீபியத் தீவிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு வீட்டில் பிள்ளை பார்க்க வருகிறாள். இரவில் தாதி வேலைக்குப் படிக்கிறாள். தாயின் கடிதங்களை முதலில் வாசிக்கிறாள். ஊர்ச்செய்தியோடு, அந்நிய நகரத்தில் என்னென்ன ஆபத்து வரும் என்ற பயமுறுத்தலும் வருகிறது. பிறகு உறையைப் பிரிப்பதையே நிறுத்திவிடுகிறாள். வெறுப்பினால் அல்ல. பிரித்தால் தாய்மேலுள்ள ஏக்கம் தன்னை விழுங்கிவிடும் என்பதால். தகப்பன் இறந்ததை ஒரு மாதம் கழித்து, நேரில் வரும் ஊர்ப்பெண் ஒருத்தி சொல்லித்தான் அறிகிறாள். சேர்த்து வைத்த காசைத் தாய்க்கு அனுப்புகிறாள், கூடவே மிகக் கசப்பான ஒரு கடிதத்தையும். பிறகு தன் முகவரியைப் பொய்யாகக் கொடுக்கிறாள்.

செவின்யேயின் மகள் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள். ஆனாலும் 'லூசி'யைப் படித்த பிறகு அந்த ஆயிரம் கடிதங்களுக்குத் திரும்பினால், ஒவ்வொன்றையும் பிரிக்கிற கை ஒன்று கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது.

நம் புலம்பெயர் எழுத்தில் தாயின் கடிதத்துக்குக் குறைவில்லை. நீல நிற விமானத் தபால் உறை, கிணற்றடி, செத்துப்போன மாடு, கலியாணமான மச்சாள். பெரும்பாலும் அது கண்ணீருக்கான சாமான். அந்தத் தாய் என்ன கேட்டாள், யாரை வைத்து எழுதுவித்தாள், எதை மறைத்தாள், மகள் பதிலில் என்ன பொய் சொன்னாள் என்று கேட்கும் கதைகள் சொற்பம். பெட்டிகளில் தாயின் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன. மகள்கள் எழுதியவை போரிலும் இடப்பெயர்விலும் ஊரோடு போய்விட்டன. எங்களுக்குப் போலின் தேவைப்படவில்லை. இங்கே பிறந்த தலைமுறைக்கு உறைகூட இல்லை, குரல்பதிவுகள்தான். கேட்கப்படாமல் கிடக்கும் ஒரு குரல்பதிவைப் பற்றி நல்ல சிறுகதை ஒன்றை அவர்களில் யாராவது தமிழிலோ பிரெஞ்சிலோ எழுதினால் முதலில் வாசிப்பவர்களில் நானும் ஒருவர்.

பாரிஸில் இருப்பவர்கள் மரே பகுதியிலுள்ள கர்னவலே அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் போய் வரலாம். 1677இலிருந்து செவின்யே வாடகைக்கு இருந்த மாளிகை அது. நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் காசில்லை. ஆனால் அவர் இறந்தது அங்கே அல்ல. 1694இல் மகளிடம் போனவர், 1696 ஏப்ரல் 17இல் கிரின்யான் கோட்டையில் காலமானார். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அதனால் அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றித் தாய் மகளுக்கு எழுதிய கடிதம் எதுவும் இல்லை.