கணக்கில் வராத கைகள்: 'காலனைசேஷன்' விளையாட்டும் விளையாடுகிறவர்களின் அபிப்பிராயங்களும்

கரும்பை யார் வெட்டினது?

'காலனைசேஷன்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத உட்காரும்போது இந்த ஒரு கேள்வியைத்தான் கையில் வைத்திருக்கிறேன். 1994-இல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் கம்பெனி வெளியிட்டது. பெட்டிமேல் இருப்பது சிட் மையர் பெயர். வடிவமைப்பில் பெரும்பங்கு பிரையன் ரெனால்ட்ஸுடையது. 2008-இல் ஃபிராக்ஸிஸ் கம்பெனி இதையே புதுப்பித்து விற்றது. ரசிகர்கள் பலர் கூடி 'ஃப்ரீகால்' என்று ஒரு இலவசப் பதிப்பை இருபது வருஷம் இழைத்து இழைத்து, 2023-இல் முழுப்பதிப்பாகக் கொண்டுவந்தார்கள். முப்பது வருஷமாக ஒரு விளையாட்டு சாகாமல் இருக்கிறதென்றால் அதில் ஏதோ இருக்கிறது. சும்மா தள்ளிவிட முடியாது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வருஷம் 1492. உங்களிடம் ஒரு கப்பல், அதில் இரண்டு பேர். இங்கிலாந்து, பிரான்ஸ், ஸ்பெயின், ஹாலந்து, இந்த நாலில் ஒன்று நீங்கள். அமெரிக்கக் கரையில் இறங்கி ஊர் கட்டணும். கரும்பைப் போட்டு ரம் காய்ச்சணும், புகையிலையைச் சுருட்டாக்கணும், பருத்தியைத் துணியாக்கணும். கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பினால் காசு. ஒரே சரக்கை ரொம்பக் கொண்டுபோய்க் கொட்டினால் விலை விழும். ராஜா வரியை ஏற்றிக்கொண்டே போவார். வழியில் எதிரியின் கொள்ளைக் கப்பல். அதற்குப் போர்க்கப்பல் கட்டணும். கடைசியில் சுதந்திரம் அறிவித்து, ராஜா அனுப்பும் படையை அடித்து விரட்டினால் ஜெயம்.

நல்ல விளையாட்டுதான். நானே ராத்திரி ராத்திரியாக முழித்து விளையாடியிருக்கிறேன். சுருட்டு விலை ஒரு காசு ஏறினால் மனசு குதிக்கும். அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதினால் அது பொய்.

விளையாடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? புகழ்கிறவர்கள் பொருளாதாரத்தைப் புகழ்கிறார்கள். ஒவ்வொரு குடியேறிக்கும் ஒரு முகம், ஒரு தொழில் இருக்கிறது என்கிறார்கள். வாஸ்தவம். குறை சொல்கிறவர்கள், ஊருக்கு ஊர் வண்டி ஓட்டியே கை ஓய்ந்துபோகிறது என்கிறார்கள். கடைசிப் போர் ரொம்பக் கொடுமை என்கிறார்கள். 2008 பதிப்பில், நாம் சுதந்திர மணியை அடிக்க அடிக்க ராஜாவின் படையும் பெருத்துக்கொண்டே போகும். இது என்ன நியாயம் என்று பலர் சண்டைக்கே நின்றார்கள். நியாயம் என்கிற சொல் இவர்கள் வாயில் அதிகம் வருவது இந்த இடத்தில்தான். ராஜாவின் துருப்புக் கணக்கில்.

இப்போது சரக்குப் பட்டியலுக்கு வாங்க. மொத்தம் பதினாறு. உணவு, கரும்பு, புகையிலை, பருத்தி, தோல், மரம், தாது, வெள்ளி, குதிரை, ரம், சுருட்டு, துணி, கோட்டு, பண்டமாற்றுச் சாமான், கருவிகள், துப்பாக்கி. வேலை செய்கிறவர்கள் யார் யார்? சுதந்திரக் குடியேறி, ஒப்பந்தக் கூலி, சில்லறைக் குற்றவாளி, மதம் மாறிய பூர்வகுடி. அப்புறம் அந்தந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள். அவ்வளவுதான். ஆப்பிரிக்கர் ஒருத்தர்கூட இல்லை. சரக்காகவும் இல்லை, ஆளாகவும் இல்லை.

இது பற்றி விளையாடுகிறவர்களிடம் மூன்று விதமான அபிப்பிராயம் இருக்கிறது. ஒன்று, 'விளையாட்டை விளையாட்டாகப் பாருங்க' என்பது. இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. வரலாறு தத்ரூபமாக இருக்கிறது என்று புகழும்போது மட்டும் அது விளையாட்டாக இருப்பதில்லை.

இரண்டாவது அபிப்பிராயம் யோசித்துச் சொல்லப்படுவது. மனுசனை விற்பதை ஒருத்தர் பொழுதுபோக்காகச் செய்யும்படி வைப்பது அசிங்கம், விட்டுவிட்டதே மரியாதை என்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்று கேட்கணும். அடிமையை எடுத்தீங்க சரி, கரும்பை ஏன் எடுக்கலை? ரம் ஏன் இருக்கு? பருத்தி ஏன் இருக்கு? அந்த உழைப்பின் லாபம் அப்படியே இருக்கிறது. உழைத்தவர்தான் இல்லை.

இல்லாத இடத்தில் யாரை வைத்திருக்கிறார்கள் பாருங்கள். கரும்பு சாகுபடியில் தேர்ந்த 'ஆசான்' ஒருத்தர் இருக்கிறார். இந்த வித்தையை உங்கள் ஆள் பூர்வகுடிக் கிராமத்தில் தங்கிக் கற்றுக்கொள்ளலாம். கரும்பு அமெரிக்க மண்ணின் பயிரே கிடையாது. 1493-இல் கொலம்பஸ் தன் இரண்டாவது பயணத்தில் கொண்டுபோனது. விளையாட்டில் பூர்வகுடி அன்பாகச் சொல்லிக்கொடுக்கிறார், வெள்ளைக் குடியேறி தன் கையாலேயே வெட்டிச் சுமக்கிறார். நடந்தது என்ன? ஏறக்குறைய 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். உயிரோடு கரை இறங்கினவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மிகப் பெரும்பாலோர் போய்ச்சேர்ந்தது பிரேசிலும் கரீபியத் தீவுகளும். அங்கே அவர்களை முதலில் விழுங்கியது கரும்புத் தோட்டம். இதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தோட்டக்காரனையே உழைப்பாளியாக நிறுத்துவதை மௌனம் என்று சொல்ல முடியாது. அது வேறு ஒரு கதையை எழுதுவது.

ஊர்க் கூட்டத்தில் 'அதையெல்லாம் எதுக்குப் பேசிக்கிட்டு' என்று பெரிய மனுசங்க சொல்வாங்களே, அந்தக் குரலை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

விளையாட்டில் 25 பேர் கொண்ட ஒரு சபை இருக்கிறது, 'ஸ்தாபகத் தந்தையர்'. ஒவ்வொருத்தர் வந்து சேரும்போதும் உங்களுக்கு ஒரு லாபம். வாஷிங்டன், ஜெஃபர்சன், இரண்டு பேரும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஜெஃபர்சன் மட்டும் தன் வாழ்நாளில் 600-க்கு மேற்பட்டவர்களை. கடல் வீரராக வரும் டிரேக், இளவயதில் ஹாக்கின்ஸின் அடிமைக் கப்பல் பயணத்தில் போனவர். லாஸ் காசாஸ் பாதிரியார் வந்தால் மதம் மாறிய பூர்வகுடிகள் சுதந்திரக் குடியேறிகள் ஆகிவிடுவார்கள். அதே லாஸ் காசாஸ்தான் பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் யோசனை சொன்னவர். பின்னாளில் அதற்காக வருந்தி எழுதினார். அவர் பட்ட வேதனையும் விளையாட்டில் இல்லை. சபையில் பொலிவார் இருக்கிறார். டூசான் லூவர்ச்சூர் இல்லை.

இன்னொரு காட்சி. ராஜா வரி கேட்டால் மறுக்கலாம். மறுத்தால் உங்கள் ஆட்கள் சரக்கைக் கடலில் கொட்டுவார்கள், 1773-இல் பாஸ்டனில் தேயிலையைக் கொட்டினார்களே அது மாதிரி. விளையாடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் 'ஸோங்' கப்பல் ஞாபகம் வருகிறது. லிவர்பூல் முதலாளிகளின் கப்பல். 1781-இல் குடிதண்ணீர் போதாது என்று சொல்லி 130-க்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் வீசினார்கள். பிறகு தலைக்கு 30 பவுண்டு வீதம் இன்ஷூரன்ஸ் கேட்டார்கள். 1783-இல் இது நீதிமன்றத்துக்குப் போனது, சரக்கு வழக்காக. கொலை வழக்கு யார் மேலும் போடப்படவில்லை. கடலில் சரக்கை வீசுவதற்கு இப்படியும் ஒரு வரலாறு இருக்கிறது.

மூன்றாவது அபிப்பிராயம், 'அப்படீன்னா சேர்த்துடுங்க, வரலாறு வரலாறுதானே' என்பது. ரசிகர்களே 2008 பதிப்பைத் திருத்திச் செய்த சில மாற்றுப் பதிப்புகளில் அடிமைகளைச் சேர்த்தும் இருக்கிறார்கள். முதல் பார்வைக்கு நேர்மையாகத் தெரிகிறது. ஆனால் பதினாறோடு பதினேழாவது சரக்காக ஒரு மனுசனைச் சேர்த்தால் கணக்குப் புத்தகம் இன்னும் முதலாளி கையில்தான். டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அடிமை வியாபாரம் பற்றி 2013-இல் ஒரு விளையாட்டு செய்தார்கள். அதில் ஆப்பிரிக்க உடல்களைக் கட்டம் நிரப்புவது மாதிரி கப்பலில் அடுக்குகிற ஒரு பகுதி. 2015-இல் எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். கொடூரத்தைக் காட்டத்தான் செய்தோம் என்று சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அடுக்குகிற கை யாருடையது? விளையாடுகிறவருடையது. அடுக்கப்படுகிறவரின் கண்ணால் பார்க்க அங்கே இடமில்லை.

ஆக, சேர்ப்பதா விடுவதா என்பதல்ல நம் கேள்வி. யார் விளையாடலாம் என்பதுதான். 'காலனைசேஷ'னில் கலகம் செய்கிற உரிமை முதலாளிக்கு மட்டும் உண்டு, அதுவும் ராஜாவுக்கு எதிராக. ஊருக்குள் வேலை செய்கிறவர் எழுந்து நிற்க ஒரு விதியும் இல்லை. நிஜத்தில் செயின்ட் டொமிங்கோவில் 1791-இல் அடிமைகள் எழுந்தார்கள். கரும்புக் காடு எரிந்தது. ஸ்பானியரை, ஆங்கிலேயரை, கடைசியில் நெப்போலியன் அனுப்பிய படையை எதிர்கொண்டு 1804-இல் ஹெய்ட்டி என்று சுதந்திர நாடு அறிவித்தார்கள். ராஜாவின் பெரும்படையைக் குடியேற்ற நாட்டு மக்கள் வெல்வதுதான் இந்த விளையாட்டின் உச்சம் என்றால், ஹெய்ட்டியைவிடப் பொருத்தமான கதை எது?

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று யாராவது கேட்கலாம். விளையாட்டில் ஹாலந்தைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் நல்ல வியாபாரி. விலை சீக்கிரம் விழாது, பெரிய சரக்குக் கப்பலோடு ஆரம்பிக்கலாம். சண்டை சச்சரவு வேண்டாதவர்கள் ஹாலந்தை எடுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் வியாபாரம் செய்தது 1621-இல் தொடங்கிய டச்சு மேற்கிந்தியக் கம்பெனி. அதற்கு மூத்தது 1602-இல் வந்த கிழக்கிந்தியக் கம்பெனி. அது நம் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிக்கொண்டது. துணி மட்டும் ஏற்றவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் சோழமண்டலக் கரையில் மனுசங்களை வாங்கி பட்டாவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேற்றியது. பஞ்ச காலத்தில் முதலில் விலைபோகிறவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 'நல்ல வியாபாரி'யின் இன்னொரு பக்கம் இது.

யாரும் விளையாட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் திரும்ப விளையாடுவேன், தெரியும். ஆனால் ஒரு விளையாட்டைப் பற்றி அபிப்பிராயம் எழுதுகிற இளைஞர்கள் படம் எப்படி, வேகம் எப்படி, கடைசிப் போர் எப்படி என்று எழுதுகிற அதே தாளில், இந்தக் கேள்வியையும் எழுதணும். 'பொருளாதாரம் பிரமாதம்' என்று முடிக்கும் முன்பு துறைமுகத்தில் நிற்கிற அந்த ரம் பீப்பாயை ஒரு தடவை பார்க்கணும்.

அந்தக் கரும்பை யாரோ வெட்டினாங்க.