நாற்பதைத் தாண்டியவரிடம் சொல்ல வேண்டிய எண்

நாற்பதைத் தாண்டிய பெண் கருத்தரிப்பு மையத்துக்குப் போனால் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். அளவு குறைவாக வந்தால் வீடே இடிந்துபோகிறது. சுமாராக வந்தால் நிம்மதிப் பெருமூச்சு. இரண்டுமே அவசரம். சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அந்தப் பரிசோதனை காட்டும். தரத்தைக் கணிக்க அவர் வயதைவிட நம்பகமான அளவுகோல் இன்றுவரை இல்லை.

ஒரு பெண்ணின் முட்டைகள் அவர் தாய் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, பிரிவின் பாதியில் நின்று காத்திருக்கின்றன. ஆண்டுகள் போகப் போக, குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் தளர்கின்றன. பிரியும்போது ஒன்று கூடுகிறது அல்லது குறைகிறது. 43 வயதை ஒட்டி உருவாகும் கருக்களில் முக்கால் பங்கு இப்படிப் பிழைபட்டவை. கரு ஒட்டாததற்கும் கலைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பப்பாளி தின்றதும் ஸ்கூட்டர் ஓட்டியதும் காரணமல்ல என்பதை மாமியார்களும் கேட்க வேண்டும்.

ஐ.வி.எஃப். இந்தப் பிழையைத் திருத்துவதில்லை. ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைத்து எடுக்கிறது, அவ்வளவே. 42 வயதில் எட்டு முட்டை கிடைத்தால் அதுவே நல்ல அறுவடை. அதில் ஆறு முதிர்ந்திருக்கலாம், நான்கு கருவுறலாம், ஐந்தாம் நாள்வரை வளர்வது ஒன்றோ இரண்டோ. அதுவும் குரோமோசோம் சரியாக இருக்க வேண்டும். பிரிட்டனின் கருத்தரிப்புச் சிகிச்சைக் கண்காணிப்பு ஆணையம் வயதுவாரியாக முடிவுகளை வெளியிடுகிறது. அங்கே 40–42 வயதினர் தம் சொந்த முட்டையில் உருவான கருவை வைத்துக்கொண்டால், பத்தில் ஒன்று அளவே குழந்தையாகப் பிறக்கிறது. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் மின்னும் சதவீதம் எந்த வயதினருக்கானது, கர்ப்பப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதற்கா, குழந்தை கைக்கு வந்ததற்கா? கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது 'முட்டைத் தரத்தை உயர்த்தும்' பேக்கேஜ்கள் மீதுதான். கோ-என்சைம் க்யூ10, டிஹெச்இஏ மாத்திரைகள், சினைப்பைக்குள் பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா) ஊசி. இவை குழந்தைப் பிறப்பைக் கூட்டுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு 43 வயதுப் பெண்ணிடம் சொல்வது, அவரிடம் மிகக் குறைவாக இருப்பதையே செலவழிக்கச் சொல்வது. கருவின் குரோமோசோமைப் பார்க்கும் பிஜிடி-ஏ சோதனையை இதே பட்டியலில் சேர்க்க மாட்டேன். அது கருவை நல்லதாக்காது. ஆனால் தேறாத கருவை வைத்துக் கலைந்துபோகும் துயரத்தைச் சிலருக்குத் தவிர்க்கும். ஒரே கரு கையில் உள்ளவருக்கு அதன் பயன் சொற்பம்.

கர்ப்பப்பை முட்டையைப் போல மூப்படைவதில்லை. அதனால்தான் இளம்பெண்ணின் தான முட்டையில் வெற்றி பல மடங்கு கூடுகிறது. வெற்றியைத் தீர்மானிப்பது கொடுப்பவரின் வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற பேறுகாலச் சிக்கல்கள் மட்டும் சுமப்பவரின் வயதைப் பொறுத்தவை. ஒரு கருவுக்கு மேல் வைத்தால் அவை இன்னும் மோசமாகும். இரண்டு, மூன்று முறை தோற்று, நகையை அடகு வைத்து, மனம் ஓய்ந்தபின்தான் தான முட்டை என்ற வழியைச் சொல்கிறார்கள். முதல் நாளே, கணவனையும் வைத்துக்கொண்டு, எத்தனை முறையோடு நிறுத்துவது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டிய விஷயம் இது.

தானம் என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார். 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் முட்டைகளைப் போலி ஆதார் காட்டி விற்றது வெளிவந்தது. 2021-ஆம் ஆண்டின் இந்தியக் கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டப்படி, கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரு முறை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. வரம்பு நியாயமானது. ஆனால் கொடுக்க முன்வருவோர் குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருக்கும்போது தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம். கொடுப்பவரின் பெயரில் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தான முட்டைக்குக் கையெழுத்திடும் தம்பதியர் அந்தப் பாலிசியையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.