120 என்ற எண்ணும் அதை அளந்த முறையும்

2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான 'ஸ்பிரின்ட்' ஆய்வு புகழ்பெற்றது. சர்க்கரை நோயில்லாத, 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தத்தை ஒரு பிரிவில் 120 மி.மீ.க்குக் கீழும், மற்றதில் 140-க்குக் கீழும் வைக்க மருந்து தரப்பட்டது. முதற்பிரிவில் இதய, இரத்தக்குழாய்க் கேடுகள் கால் பங்கு குறைந்தன. மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் கூடின. இரண்டையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் சொன்னது பாராட்டுக்குரியது.

ஆனால், எண் பரவிய அளவுக்கு அளந்த முறை பரவவில்லை. அங்கே 5 நிமிடம் அமர வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி கண்டார்கள். மாடியேறி வந்தவரைப் பேசவிட்டபடியே ஒரே முறை அளந்தால் எண் உயர்ந்தே தெரியும். திரவ அழுத்தப் பாடத்தை நினைவுகூருங்கள்: கை, இதய மட்டத்துக்கு 10 செ.மீ. தாழ்ந்தாலே சுமார் 8 மி.மீ. கூடிவிடும்! இப்படி வந்த எண்ணை 120-க்கு இறக்க மருந்தைக் கூட்டினால், உண்மை அழுத்தம் எவ்வளவு தாழும்? ஆய்வு எச்சரித்த மயக்கம் அங்கேதான் காத்திருக்கிறது.

முறையைச் சொல்லாத அளவு, பாதி அளவே. அடுத்த முறை அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் வைத்து, மறுமுறையும் அளக்கச் சொல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் பொறுப்பு. சரியான எண்ணை அவரிடம் சேர்ப்பதில் உங்களுக்கும் பங்குண்டு.