ஐந்து வருட லீவு தொழில் மாற்றம் ஆகுமா?

பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 வந்தது 2022 ஜூனில். அது வந்த கையோடு ஐந்து வருடச் சம்பளமற்ற லீவில் போனவர்களுக்கு 2027 நடுப்பகுதியோடு தவணை முடிகிறது. திரும்பி வந்து பழைய கதிரையில் இருப்பதா, வேலையை ஒரேயடியாக விட்டுவிடுவதா என்ற பேச்சு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் வீட்டுக்கு வீடு கேட்கிறது. கூடவே ஒரு புகழ்ச்சியும் கேட்கிறது. அந்தப் பொல்லாத வருடத்தில் அரசாங்கம் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான், பயமில்லாமல் தொழில் மாற வழி திறந்துவிட்டது, தனியார் துறைக்கும் அதையே கொடுக்கவேண்டும் என்கிறார்கள். சுற்றறிக்கை பலருக்கு உதவியது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அதைத் தொழில் மாற்றத்துக்கான வழி என்று கொண்டாடுவது தப்பு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். மாதச் சம்பளக்காரரின் கையில் இருந்த பணம் கரைந்துகொண்டிருந்த நேரத்தில், சேவை மூப்பும் ஓய்வூதியமும் கெடாமல் வெளியே போய் உழைக்கலாம் என்றது ஒரு சுற்றறிக்கை. எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்தான். பிள்ளைகுட்டிக்காரர் ஒருவரிடம், பின்னால் பிடிமானம் எதுவும் இல்லாமல் குதி என்று சொல்வது அறிவுரை அல்ல. அந்த அளவில் சுற்றறிக்கையின் மனது சரியானது.

பரீட்சித்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்ற எண்ணமும் சரியானதே. தொழில் மாறியவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா 2003இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வாதிட்டார். தனக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து யோசித்து, அதன்பின் மாறுகிறவர்கள் குறைவு. சின்னச் சின்னதாகச் செய்துபார்த்து, புதிய ஆட்களோடு பழகி, அப்படியே மெல்ல மெல்ல வேறு ஆளாகிறவர்கள்தான் அதிகம் என்பது அவருடைய முடிவு. அப்படியானால் ஐந்து வருட லீவு நல்ல பரீட்சைக்களம்தானே என்று கேட்கலாம்.

இல்லை. அந்த லீவில் தொழில் எதுவும் பரீட்சிக்கப்படவில்லை. ஆள் இருந்த இடம் மாறியது, அவ்வளவுதான்.

சுற்றறிக்கை எதற்காக எழுதப்பட்டது என்பதைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அரசின் சம்பளச் செலவைக் குறைப்பது ஒரு நோக்கம், நாட்டுக்குள் டொலர் கொண்டுவருவது இன்னொரு நோக்கம். வெளிநாடு போகிறவர் தன் பதவி நிலைக்கு ஏற்ப ஒரு தொகையை வெளிநாட்டு நாணயமாக அனுப்பவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அவர் அங்கே என்ன வேலை செய்கிறார், என்ன கற்றுக்கொள்கிறார், திரும்பி வரும்போது எந்தத் திறமையோடு வருகிறார் என்பதில் சுற்றறிக்கைக்கு அக்கறை இல்லை. ஆசிரியர் மாலைதீவுக்குப் போய் அங்கேயும் ஆசிரியராகவே இருந்தார். தாதிய உத்தியோகத்தர் இங்கிலாந்துக்குப் போய், அங்கே பதிவு கிடைக்கும்வரை முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக நின்றார். கந்தோர்க்காரர் வளைகுடாவில் களஞ்சியப் பொறுப்பாளரானார். முதலாமவருக்குத் தொழில் மாறவில்லை, இரண்டாமவருக்கு அது ஒரு படி இறங்கியது, மூன்றாமவர் கற்ற புதிய வேலை எங்கேயும் பதியப்படவில்லை.

உள்நாட்டில் பயனுள்ள வேலை செய்வதற்கும் இதே லீவு எடுக்கலாம் என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே இருந்தது. உண்மையான தொழில் மாற்றத்துக்குக் கொஞ்சமாவது இடம் அந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. ஊர்ப் பேச்சிலோ அது இடம் பெறவே இல்லை. லீவு என்றாலே விசா என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த உள்நாட்டு லீவும் தனியே போதாது. தெமட்டகொடையில் குடியிருக்கும் ஒரு முகாமைத்துவ சேவை உத்தியோகத்தரை எடுத்துக்கொள்வோம். வயது நாற்பது. கிழமை நாட்களில் கோப்பும் கணினியும். சனி ஞாயிறுகளில் மச்சானோடு சேர்ந்து வீடு வீடாக ஏசி திருத்துகிறார். கை ஓடுகிறது, மனமும் அதில்தான். முழு நேரமாக அதற்குள் இறங்கலாமா என்று இரண்டு மூன்று வருடமாக யோசிக்கிறார். அவரை எது தடுக்கிறது? நேரம் இல்லாததா? அதுதான் என்றால் லீவு மருந்தாகும். ஆனால் அவருடைய தடைகள் வேறு. வீட்டு வேலையைத் தாண்டி ஹோட்டல், வங்கி போன்ற பெரிய இடங்களில் ஒப்பந்தம் கேட்டால், என்ன தகைமை இருக்கிறது என்பார்கள். மழைக்காலத்தில் வேலை குறையும்போது வீட்டுச் செலவு தாங்குமா என்பது அவருக்குத் தெரியாது. காஸ் சிலிண்டர், வெக்யூம் பம்ப், மீட்டர் எல்லாம் வாங்க முதல் வேண்டும். இவற்றில் எதற்கும் சம்பளமற்ற லீவில் விடை இல்லை. சம்பளம் நின்றுபோவதால் மூன்றாவது தடை இன்னும் பெரிதாகிறது.

முதலாவது தடைக்கு விடை இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை என்ற என்.வி.கியூ. கட்டமைப்புக்கு ஏழு மட்டங்கள். அதற்குள், வகுப்புக்குப் போகாமல் வேலை செய்தே கற்றவரை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு வாசல் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள், ஆட்கள் வழக்கமாகச் சொல்வது ஆர்.பி.எல். நைட்டா என்று எல்லாரும் அழைக்கும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இந்த மதிப்பீட்டைச் செய்கிறது. அதன் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவனம் இருப்பது ஒருகொடவத்தையில், தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் கொஞ்சத் தூரம்.

அந்த மதிப்பீடு கந்தோர்க்காரர்களுக்குப் பழக்கமான பரீட்சையைப் போன்றது அல்ல. விண்ணப்பதாரர் தான் செய்த வேலைகளின் படங்களையும், வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும், பில்களையும் ஒரு கோவையாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும். மதிப்பீட்டாளர் அவற்றைப் புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்பார். பிறகு வேலையைச் செய்துகாட்டச் சொல்வார். எங்கே கை தடுமாறுகிறது, எந்தப் பாதுகாப்பு விதி தவறுகிறது, எதை இன்னும் படிக்கவேண்டும் என்பது அங்கேயே வெளிச்சமாகிவிடும். தொழில் மாறலாமா என்று தவிக்கும் ஒருவருக்கு இதைவிட நேர்மையான பதில் வேறெங்கும் கிடைக்காது. தேறினால் கையில் ஒரு சான்றிதழ். தேறாவிட்டாலும் பழைய வேலை அப்படியே இருக்கிறது, எந்த இடத்தில் குறை என்பதும் தெரிந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. அவர்கள் அங்கே செய்த வேலையை மதிப்பிட்டுப் பதிவு செய்யும் திறன் கடவுச்சீட்டு ஏற்பாட்டை, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் துணையோடு மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும் தொழில் வழங்குநர் சம்மேளனமும் இந்தச் சுற்றறிக்கைக்கு முன்பே தொடங்கியிருந்தன. கருவி மேசையில் இருந்தது. சுற்றறிக்கையை எழுதியவர்கள் அதைத் தொடவில்லை. ஐந்து வருடம் களஞ்சியம் நடத்தியவர் திரும்பி வரும்போது, அவருடைய சுயவிபரக் கோவையில் அந்த ஐந்து வருடமும் வெற்றுத் தாள். அதே மேசை, அதே பதவி, சேவை மூப்பு மட்டும் கூடியிருக்கும். இதைத்தான் தொழில் மாற்றம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கொழும்புத் தமிழருக்கு இந்தக் குழப்பம் புதிது அல்ல. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின், சிங்களத் தேர்ச்சி பெறாத தமிழ் உத்தியோகத்தர்களின் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் அடைபட்டன. பலர் வெளியேறினார்கள். பின்வந்த தசாப்தங்களில் ஆசிரியர்களும் கணக்காளர்களும் பொறியியலாளர்களும் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். அது அநீதிக்குக் கொடுத்த விலை, அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த அனுபவம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. நெருக்கடி வந்தால் இடத்தை மாற்று, உத்தியோகத்தை மாற்றாதே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொன்ன தலைமுறை, கோறணமேந்து போனால் வெளிநாடு என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில், இதே நகரத்தில் வேறு ஒரு தொழிலைக் கற்று அதில் நிலைப்பது என்ற வழி பெரியவர்களின் பேச்சில் வருவதே இல்லை. சுற்றறிக்கை அந்தப் பழக்கத்துக்கு அரச முத்திரை குத்திக் கொடுத்தது. 2022இல் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கடவுச்சீட்டு ஒன்பது இலட்சத்துக்கு மேல் வழங்கப்பட்டது. அந்த அலையில், உள்நாட்டில் தொழில் மாற நினைத்த ஒருவரின் குரல் யார் காதில் விழுந்திருக்கும்?

அதே நாட்களில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. அரச ஊழியருக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த நாளில் வீட்டுத்தோட்டம் செய்யவேண்டும் என்றார்கள். எரிபொருளுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு இருந்த நேரம். மிஹிந்து சென்புர அடுக்குமாடியில் இருக்கிறவர் எங்கே பாத்தி கட்டுவார் என்று ஆட்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் இரண்டு சுற்றறிக்கைகளில் தொழில் மாற்றத்துக்குக் கிட்ட வந்தது அந்த இரண்டாவதுதான். சம்பளம் நிற்காமல் கிழமையில் ஒரு நாள். அதைத் தோட்டத்துக்கு என்று கட்டிப்போடாமல், ஏதாவது ஒரு தொழிலைக் கற்கவோ செய்துபார்க்கவோ என்று விட்டிருந்தால், தெமட்டகொடை உத்தியோகத்தர் தன் ஏசி வேலையால் ஒரு மழைக்காலத்தையாவது தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று அறிந்திருப்பார். ஐந்து வருடத்தைப் பணயம் வைக்கவேண்டி வந்திராது.

தனியார் துறைக்கும் இந்த லீவைக் கொடுங்கள் என்கிறவர்கள், அங்கே உண்மையில் எது நெரிக்கிறது என்று பார்க்கவேண்டும். இலங்கையில் வேலையிழப்புக் காப்புறுதி இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் மாதாமாதம் சேருகின்றன. அதை முழுதாக எடுக்க, ஆண் என்றால் 55 வயது, பெண் என்றால் 50. அதற்கு முன்னர் எடுக்கச் சில காரணங்களைச் சட்டம் ஏற்கிறது: நிரந்தரமாக நாட்டை விட்டுப் போவது, ஓய்வூதியம் உள்ள அரச வேலைக்குப் போவது, பெண் திருமணத்தோடு வேலையை விடுவது, நிரந்தர இயலாமை. ஒரு கராஜ் தொடங்கப் போகிறேன், தையல் கற்றுக் கடை போடப் போகிறேன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையும் இந்த விடயத்தில் ஒரே மாதிரித்தான் நினைக்கின்றன. ஊரை விட்டுப் போகிறவருக்கு வழி உண்டு, ஊரிலேயே இருந்து வேறு தொழிலுக்குப் போகிறவருக்கு நடைமுறையில் வழி இல்லை. கம்பனி வேலை பறிபோனவர் முச்சக்கரவண்டியை லீசிங்கில் எடுத்துத் தெருவில் இறங்குவது அந்தத் தொழில் மேல் உள்ள ஆசையால் அல்ல. வேறு கதவு எதுவும் திறக்காததால்தான்.

சிங்கப்பூர் வேறு திசையில் போனது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயதை எட்டிய குடிமக்களின் பெயரில் 2016இல் 500 வெள்ளி வைக்கப்பட்டது. 2024இல் நாற்பதை எட்டியவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி. முழுநேரமாகப் படிக்க வேலையை நிறுத்துகிற நாற்பது வயதுக்காரருக்கு 2025 முதல் மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. அவ்வளவு பணம் கொழும்பிடம் இல்லை, உண்மை. ஆனால் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். அங்கே அரசு ஆளின் திறமையில் பணம் போடுகிறது. இங்கே அரசு கதிரையைக் காவல் காத்துவிட்டு, ஆளிடம் டொலர் கேட்டது.

லீவில் போனவர்கள் அனுப்பிய பணத்தைக் காட்டி இந்த வாதத்தை முறிக்கப் பார்ப்பார்கள். அந்தப் பணத்தில் வீட்டுக் கடன் அடைந்தது, தங்கைக்குக் கல்யாணம் நடந்தது, பிள்ளை படித்தது. எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய காரியங்கள். அவை உழைப்பின் வெற்றி, குடும்பப் பொறுப்பின் வெற்றி. அவற்றை ஒரு சுற்றறிக்கையின் கணக்கில் எழுதி, அதையே தொழில் மாற்றத்துக்கான மாதிரி என்று இளையவர்களுக்குக் காட்டினால், நாற்பது வயதில் வேறு தொழிலுக்குப் போக நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் விசா வரிசையைத்தான் தேடுவார்கள். அந்தத் தீங்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

2027இல் தவணை முடிகிறவர்கள் விலகல் கடிதம் எழுதுவதற்கோ கடமைக்குத் திரும்புவதற்கோ முன், வெளியே செய்த வேலைக்கு என்ன சான்று காட்ட முடியும் என்று பார்க்கட்டும். கடிதங்கள், படங்கள், சம்பளச் சீட்டுகள், எதையும் வீசவேண்டாம். நைட்டாவுக்கோ தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கோ போய் எந்த மட்டத்துக்கு மதிப்பீடு கேட்கலாம் என்று விசாரிக்கட்டும். பொது நிர்வாக அமைச்சு செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. லீவில் போனவர் பெற்ற என்.வி.கியூ. சான்றிதழைச் சுயவிபரக் கோவையில் பதியவும், அந்தத் திறமைக்குப் பொருந்தும் பதவிக்கு அவரை மாற்றவும், உள்ளே இருப்பவர்களுக்குக் கிழமையில் ஒரு நாள் பரீட்சை லீவு கொடுக்கவும் ஒரு திருத்தச் சுற்றறிக்கை போதும். அதற்குப் பாராளுமன்றத்தில் புதிய சட்டம் தேவையில்லை. முதல் தொகுதியினர் கடமைக்குத் திரும்பும் முன்னர் அது வெளிவரவேண்டும்.