கேமராவுக்குள் ஓர் அறை

இத்தாலியில் தங்கும் விடுதி வாசல்களில் 'காமெரே' என்று பலகை தொங்கும். அறைகள் வாடகைக்கு உண்டு என்று அதற்கு அர்த்தம். படமெடுக்கும் கருவிக்கு அவர்கள் வைத்திருக்கும் வழக்கமான பெயர் 'மாக்கினா ஃபோட்டோகிராஃபிகா'. லத்தீனில் 'காமெரா' என்றால் முதலில் வளைந்த கூரை. பிறகு அந்தக் கூரையின் கீழுள்ள அறை. கிரேக்கரின் 'கமாரா'விலிருந்து ரோமானியர் எடுத்துக்கொண்டது.

இந்தச் சொல்லை ரசிக்க ஒரு பழக்கம் போதும். இதன் வழிவந்த எது காதில் விழுந்தாலும், அதற்குள் அறை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நீதிமன்றச் செய்தியில் 'இன் கேமரா விசாரணை' என்று வந்தால் படம்பிடிக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் கதவை மூடிக்கொண்டு விசாரிக்கிறார்கள். ரஷ்ய மொழியில் சிறைக் கொட்டடிக்கும் 'காமெரா' என்றுதான் பெயர். 'காம்ரேட்' ஸ்பானிய மொழியின் 'கமராதா'விலிருந்து வந்தது: ஒரே அறையில் தங்கிய படைவீரர்கள். கொள்கைக்கு முன்பே அவர்களை இணைத்தது ஒரு கூரை. ஆக்ஸ்ஃபோர்டில் 1749-இல் திறக்கப்பட்ட வட்டமான நூலகக் கட்டடத்துக்கு 'ரேட்கிளிஃப் கேமரா' என்று பெயர். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் பெரிய குவிமாடம். லத்தீனின் முதல் பொருள் அங்கே அப்படியே நிற்கிறது.

சரி, படக்கருவிக்குள் அறை எப்படி வந்தது? இதை வாசிப்பதைவிடச் செய்து பார்ப்பதே நல்லது. வெயில் விழும் தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். எல்லாத் திறப்புகளையும் கறுப்புத் தாளாலும் அட்டையாலும் வெளிச்சம் கசியாமல் அடையுங்கள். தெருப்பக்க அட்டையில் மட்டும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போடுங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இருக்கட்டும், அல்லது வேட்டியொன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை அவசரப்படாதீர்கள். மெல்ல மெல்ல எதிர்வீடும் மரமும் சுவரில் தலைகீழாகத் தெளியும். சைக்கிளில் போகிறவர் மேற்கூரையோரமாக நகர்வார், சட்டை நிறத்தோடு. ஒளி நேர்க்கோட்டில் பாய்வதால் மரத்தின் உச்சியிலிருந்து வருவது ஓட்டை வழியே கீழே விழுகிறது, அடிமரத்திலிருந்து வருவது மேலே ஏறுகிறது. குழந்தைகளையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்; இதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் எனக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் நிற்பது கேமராவின் உள்ளே. பதினோராம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் இப்படிப்பட்ட இருளுக்குள்தான் ஒளியை ஆராய்ந்தார். 1604-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் வானியலாளர் கெப்ளர் இத்தகைய அறையை 'காமெரா அப்ஸ்கூரா', அதாவது இருண்ட அறை, என்று எழுதினார். பின்னர் அறை சுருங்கிப் பெட்டியானது, ஓட்டையில் வில்லை ஏறியது. பிரான்சில் நியெப்ஸ் அத்தகைய பெட்டிக்குள் ஒரு தகட்டை வைத்து, தம் ஜன்னல் காட்சியை 1827 வாக்கில் நிலைக்கச் செய்தார். அந்தத் தகடு இன்றும் இருக்கிறது. காலப்போக்கில் 'அப்ஸ்கூரா' உதிர்ந்துவிட, அறை மட்டும் பெயராக மிஞ்சியது. உங்கள் கைபேசியின் வில்லைக்குப் பின்னாலும் ஒரு துளி இருட்டறை உண்டு.

இந்தச் சொல் கடல் வழியாகவும் நம் பக்கம் வந்திருக்கிறது. இந்தியின் 'கம்ரா' போர்ச்சுகீசியரிடமிருந்து, சிங்களத்தின் 'காமரய' டச்சுக்காரரிடமிருந்து. இரண்டுக்கும் அறை என்றே பொருள். இலங்கைத் தமிழில் படக்கருவியைக் 'கமரா' என்று எழுதுகிறார்கள். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலோ தொழிலாளர் குடும்பம் முழுவதும் ஒடுங்கி வாழும், வரிசை வீட்டின் ஒற்றை அறைக்கு 'லயன் காம்பரா' என்று பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்றே. மலையகச் சிறுகதைகளை வாசிக்கும்போது இந்தச் சொல் வருமிடத்தில் சற்று நில்லுங்கள். தலைமுறைகளாகத் தனி வீடும் சொந்தக் காணியும் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் வாயில் அது என்னவாக ஒலிக்கிறது என்று கேளுங்கள்.