விளக்குப் பொறியும் பூச்சியின் கண்ணும்

தமிழக வேளாண்மையில் மருந்துத் தெளிப்பைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றாக நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படுவது விளக்குப் பொறி. இரவில் விளக்கை ஏற்றி, அதனடியில் மண்ணெண்ணெய் கலந்த நீர்த்தட்டையோ புனலோடு கூடிய கலனையோ வைத்து, ஒளியை நோக்கி வரும் பூச்சிகளைப் பிடிப்பது இதன் முறையாகும். நெல்லில் குருத்துப்பூச்சியின் வரவை முன்கூட்டி அறிய இது பெரிதும் உதவுகிறது. ஆயினும் சேர்வராயன் மலையில் கொட்டச்சேட்டைச் சுற்றியுள்ளவை போன்ற காபித் தோட்டங்களுக்கும் இது பொருந்துமா என்பதைத் தட்டில் விழும் பூச்சிகளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பூச்சியின் கண்ணிலுள்ள ஒளியுணர் செல்லின் இயல்பை அறிந்த பின்னரே அதற்கு விடை கூற முடியும்.

பூச்சியின் கூட்டுக்கண் பல சிறுகண்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் சில ஒளியுணர் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அச்செல்லின் ஒரு பக்கம் நெருக்கமான நுண்குழல் நீட்சிகளாக விரிந்திருக்கிறது. பழ ஈயின் ஒரு செல்லில் மட்டும் இவை ஏறத்தாழ 30,000 உள்ளன. இந்நீட்சிகளின் சவ்வில் ரோடாப்சின் என்னும் நிறமிப் புரதம் பதிந்திருக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டதும் அந்நிறமியின் வடிவம் மாற, அதைத் தொடரும் வேதிவினைகளால் சவ்விலுள்ள அயனி வாயில்கள் திறந்து, செல்லின் மின்னழுத்தம் உயர்கிறது. மனிதக் கண்ணில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது: அங்கு ஒளி பட்டால் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. எந்த நிற ஒளிக்குச் செல் விழிக்கும் என்பதை ரோடாப்சினின் வகையே வரையறுக்கிறது. தேனீயிடம் மூவகைச் செல்கள் உள்ளன. அவை முறையே 344, 436, 544 நானோமீட்டர் அலைநீளங்களை, அதாவது புறஊதா, நீலம், பச்சை ஆகியவற்றை ஒட்டி மிகுந்த உணர்திறன் கொண்டவை. புறஊதாக் கதிர் கலந்த விளக்குக்கு மஞ்சள் விளக்கைவிடக் கூடுதலாகப் பூச்சிகள் வருவதற்கு இந்த அமைப்பே அடிப்படை.

ஆனால் பூச்சி ஒளியை 'விரும்பி' வருகிறது என்ற பழைய விளக்கம் இப்போது வலுவிழந்துவிட்டது. சாமுவேல் ஃபேபியன், யாஷ் சோந்தி உள்ளிட்டோர் அதிவேகப் படக்கருவிகளால் ஆராய்ந்து 2024-இல் வெளியிட்ட முடிவின்படி, பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளி மிகுந்த பக்கம் திருப்பிக்கொள்கிறது. வானமே ஒளிமிக்கதாக இருந்த காலமெல்லாம் மேல் எது, கீழ் எது என்று அறிய அதற்கு இதுவே வழியாக இருந்தது. அருகில் விளக்கு எரியும்போது அதே பழக்கம் அதனை அங்கேயே சுழல வைக்கிறது. அரளிச்செடியில் வளரும் பருந்து அந்துப்பூச்சி அந்த ஆய்வில் இவ்வாறு திரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே பொறி பிடிப்பது அருகில் வந்து நிலைகுலைந்தவற்றை மட்டுமே. தோட்டத்தில் உண்மையாக உள்ள பூச்சிகளின் விகிதத்தை அது அப்படியே காட்டுவதில்லை.

இதைவிடக் கடுமையான குறை, பயிருக்குக் கேடு செய்யும் பூச்சியையும் நன்மை செய்யும் பூச்சியையும் அது பிரித்தறியாமை. ஒளியுணர் செல்களின் அடிப்படை அமைப்பு இரண்டிற்கும் பொதுவானது என்பதால், விளக்கின் நிறத்தை மாற்றி மட்டும் ஒன்றை அழைத்து மற்றொன்றைத் தவிர்ப்பது அரிது. மலைத்தேனீ நிலவொளியிலும் உணவு தேடிப் பறக்கக்கூடியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பீமாசங்கரில் ஹேமா சோமநாதனும் உடனாய்வாளர்களும் கண்டறிந்தபடி, தச்சுத்தேனீயின் ஓர் இனம் நிலவற்ற இரவில், விண்மீன் வெளிச்சத்திலேயே நிறங்களை வேறுபடுத்திக் காண்கிறது. மிகக் குறைந்த ஒளிக்கெனக் கூர்மைப்பட்ட இத்தகைய கண்களுக்கு முன் இரவு முழுவதும் புறஊதா விளக்கை எரிய விடுவது, அதுவும் கோடை மழைக்குப் பின் காபி பூத்துக் குலுங்கும் சில நாட்களில், பொறுப்பான செயலாகாது.

காபியைப் பொறுத்தவரை பொறியின் பயனும் மிகக் குறைவு. அராபிகா காபியின் பெரும்பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பகலில், நல்ல வெயிலில் இயங்கும் வண்டு. வெயில் படும் தண்டுகளின் பட்டை வெடிப்புகளிலேயே பெண் வண்டு முட்டையிடுகிறது. 1990-இல் இந்தியாவில் முதன்முதலாகக் கூடலூர்ப் பகுதியில் அறியப்பட்ட காய்த்துளைப்பானில் பெண் மட்டுமே பறக்கும். அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். இரவு விளக்கு இவ்விரண்டையும் எட்டுவதேயில்லை. முன்னதற்கு ஆண் வண்டின் வாசனையைப் போலி செய்யும் இனக்கவர்ச்சிப் பொறியும், பின்னதற்கு மெத்தனாலும் எத்தனாலும் கலந்த சாராய வாசனைப் பொறியும் பயன்படுவது, கண்ணால் பிரித்தறிய முடியாத இடத்தில் மோப்ப உணர்வு பெரும்பாலும் உரிய இனத்தையே அழைக்கிறது என்பதாலேயே. தண்டுத் துளைப்பானைத் தடுப்பதில் இவற்றைவிடவும் முதன்மையானது நிழல். சில்வர் ஓக்கோடு நாட்டு மரங்களும் கலந்து நிற்கும் தோட்டத்தில், அவ்வண்டு நாடும் வெயில் தண்டை எட்டுவதே குறைந்துவிடுகிறது.

இவ்வளவு குறை கூறினாலும், விளக்குப் பொறியை முற்றிலும் ஒதுக்குவதை அறிவியல் ஏற்காது. மலையிலுள்ள அந்துப்பூச்சி இனங்களைக் கணக்கெடுக்கவும், காய்கறிப் பாத்திகளில் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி எப்போது வரத் தொடங்குகிறது என்று அறியவும் அதைப்போல் எளிய கருவி வேறில்லை. அதை அழிக்கும் கருவியாகக் கொள்ளாமல் அறியும் கருவியாகக் கொண்டு, வாரத்தில் ஓரிரு இரவுகள், அந்தி மயங்கியபின் சில மணி நேரம் மட்டும் ஏற்றி, தட்டில் எண்ணெய்க்குப் பதில் சிறு நன்மைப் பூச்சிகள் தப்பிச் செல்லத் துளையிட்ட கலனை வைத்தால், அதன் பயன் பெரும்பாலும் கிடைக்கும். கேடு கணிசமாகக் குறையும்.